ஒரு வருச ஒன்லைன் எம்எஸ்சி காணுமா? ஸ்கூல் சைக்காலஜிஸ்ட் ஆக விரும்புற ஒரு டீச்சருக்கு

கேள்வி:

அக்கா வணக்கம். எனக்கு 27 வயசு, வெள்ளவத்தையில இருக்கிறன். கொழும்பில ஒரு பள்ளிக்கூடத்தில நாலு வருசமா தமிழ் மீடியம் பிரைமரி படிப்பிக்கிறன். வேலையோட வேலையா வீக்கெண்ட் கிளாஸ் போய் ஒரு பிரைவேட் கம்பஸ்ல பிரிட்டிஷ் யூனிவர்சிட்டி ஒண்டின்ர சைக்காலஜி டிகிரி முடிச்சிட்டன், மூண்டு வருசப் படிப்பு. இப்ப என்ர தரம் 3 வகுப்பில ஒரு பெடியன் இருக்கிறான், வாயால கேட்டா எல்லாம் சொல்லுவான், போர்ட்டைப் பாத்து எழுதச் சொன்னா ரெண்டு வரிக்கு மேல போகமாட்டான், பிறகு எழும்பி ஓடிடுவான். பிரின்சிபல் "நீங்கதானே சைக்காலஜி படிச்சனீங்க, ஒரு ஐகியூ டெஸ்ட் செய்து பாருங்கோ" எண்டு சொல்றா. எனக்குப் பயமா இருக்கு. ஸ்கூல் சைக்காலஜிஸ்டா வரவேணும் எண்டதுதான் என்ர ஆசை. ஒரு வருச ஒன்லைன் எம்எஸ்சி எஜுகேஷனல் சைக்காலஜிக்கு இடம் கிடைச்சிருக்கு, அட்வான்ஸ் கட்ட ரெண்டு கிழமைதான் இருக்கு. அது காணுமா? இல்லாட்டி அமெரிக்கா போய் மூண்டு வருசம் படிக்க வேணுமா? திரும்பி வந்தா இங்க வேலை இருக்கா? அம்மா ஒருபக்கம் "கலியாண வயசில விசர் பிடிச்ச ஆக்களோட வேலை செய்யப் போறியோ" எண்டு அழுறா.

பதில்:

தங்கச்சி, அட்வான்ஸை இப்ப கட்டாதீங்க. ரெண்டு கிழமை எண்டு அவை சொல்றது உங்களை அவசரப்படுத்தத்தான், அடுத்த தவணைக்கும் அதே கோர்ஸ் இருக்கும்.

அது கூடாத கோர்ஸ் எண்டு நான் சொல்லேல்ல. பிள்ளை எப்பிடிப் படிக்குது, ஞாபகம் எப்பிடி வேலை செய்யுது, ஏன் ஒரு பிள்ளைக்கு ஊக்கம் வருது மற்றப் பிள்ளைக்கு வரேல்ல, இதெல்லாம் வடிவாப் படிப்பிப்பினம், டீச்சரா இருக்கிற உங்களுக்கு அது பிரயோசனம்தான். ஆனா அதை முடிச்சா நீங்க எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட் ஆகமாட்டீங்க, பிரிட்டனிலயே ஆக ஏலாது. அங்க அந்தப் பேர் சட்டத்தால பாதுகாக்கப்பட்ட பேர், 2009ல இருந்து இப்ப எச்சிபிசி எண்டு சொல்ற கவுன்சில்ல பதிஞ்சவைதான் அதைப் போடலாம், இங்கிலாந்தில பதியிறதுக்கு வழி மூண்டு வருச டாக்டரேட். அந்த டாக்டரேட்டில அரசாங்கக் காசில படிக்கிற இடங்கள் அங்க வாழவும் வேலை செய்யவும் உரிமை இருக்கிறவைக்குத்தான், கொழும்பில இருந்து நேரா போய் அந்த இடம் எடுக்கலாம் எண்டு ஆராவது ஏஜென்ட் சொன்னா நம்பாதீங்க. இன்னொண்டு, உங்கட முதல் டிகிரிய பிரிட்டிஷ் சைக்காலஜிக்கல் சொசைட்டி அங்கீகரிச்சிருக்கா எண்டும் கேட்டுப் பாருங்க, அதே யூனிவர்சிட்டி லண்டன்ல நடத்துற டிகிரிக்கு அங்கீகாரம் இருக்கு எண்டதால கொழும்பில நடத்துறதுக்கும் இருக்கு எண்டு இல்ல.

அமெரிக்காவில இதே குழப்பம் வேற மாதிரி வரும். அங்க எஜுகேஷனல் சைக்காலஜி எண்டா ஆராய்ச்சிப் பக்கம், கற்றலைப் பற்றி ஆய்வு செய்யிறவை. ஸ்கூல் சைக்காலஜி எண்டாத்தான் பள்ளிக்கூடத்துக்குள்ள போய் பிள்ளையளோட, டீச்சர்மாரோட, தாய் தகப்பனோட வேலை செய்யிற தொழில். பிரிட்டன்ல தொழிலின்ர பேர் எஜுகேஷனல் சைக்காலஜிஸ்ட், அமெரிக்காவில அதே தொழிலின்ர பேர் ஸ்கூல் சைக்காலஜிஸ்ட், ரெண்டு நாட்டிலயும் எஜுகேஷனல் சைக்காலஜி எண்ட பேரில தொழில் தராத படிப்பும் இருக்கு. எத்தினையோ பிள்ளையள் பேரைப் பாத்து காசைக் கட்டிட்டு ரெண்டாம் தவணையில எனக்கு மெசேஜ் போட்டிருக்கினம், அதால தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்றன்.

நீங்க எந்தக் கோர்ஸைப் பாத்தாலும் அவையிட்ட கேட்க வேண்டியது மூண்டு விசயம்தான். நான் எந்தப் பள்ளிக்கூடத்தில எத்தினை மணித்தியாலம் வேலை செய்வன், அங்க எனக்குப் பக்கத்தில இருந்து என்ர பிழையைப் பிடிக்கிறது ஆர், முடிச்சாப்பிறகு என்னை எந்த நாட்டில ஆர் பதிவினம். உங்கட ஒன்லைன் கோர்ஸுக்கு மெயில் போட்டு இந்த மூண்டையும் கேளுங்க, வாற பதிலை வச்சு நீங்களே முடிவெடுக்கலாம்.

நான் படிச்சது அமெரிக்காவில ஒரு ஸ்டேட் யூனிவர்சிட்டியில, ஸ்பெஷலிஸ்ட் டிகிரி எண்டு சொல்லுவினம், மாஸ்டர்ஸுக்கு மேல, டாக்டரேட்டுக்குக் கீழ. மூண்டு வருசம், ஆகக் குறைஞ்சது 60 கிரெடிட். முதல் ரெண்டு வருசம் வகுப்பும் பிரக்டிகமும், அதாவது சுப்பர்வைசர் பாக்கப் பாக்க பிள்ளையளோட செய்து பழகிற பயிற்சியும், கலந்து வரும், மூண்டாவது வருசம் முழுக்க இன்டர்ன்ஷிப், 1200 மணித்தியாலம், அதில ஆகக் குறைஞ்சது 600 பள்ளிக்கூடத்துக்குள்ள. இந்தக் கணக்கெல்லாம் நாஸ்ப் எண்டு சொல்ற அவையின்ர தேசிய சங்கம் வச்சது, 1969ல தொடங்கின சங்கம், எந்தெந்த யூனிவர்சிட்டிய அவை ஏற்றுக்கொண்டிருக்கினம் எண்ட லிஸ்ட் அவையின்ர வெப்சைட்டிலயே இருக்கு, அந்த லிஸ்டில இல்லாத இடத்துக்கு அப்ளை பண்ணவேண்டாம். கடைசியா பிராக்சிஸ் எண்டு ஒரு சோதனை, அதுவும் பாஸ் பண்ணினா தேசியச் சான்றிதழ் எடுக்கலாம், வேலை செய்யிற லைசன்ஸை மட்டும் ஒவ்வொரு ஸ்டேட்டும் தன்ர விதிப்படி தரும்.

வகுப்பில படிச்சதை விட எனக்கு மறக்காதது பிரக்டிகம்தான். முதல் தவணையில டெஸ்ட் செய்யப் பழகேக்க ஒவ்வொரு தரமும் வீடியோ எடுக்க வேணும், கையில ஸ்டாப்வாட்ச், மேசையில கட்டைகள், முன்னால ஒரு எட்டு வயசுப் பிள்ளை. அடுத்த நாள் சுப்பர்வைசர் அந்த வீடியோவை என்னோட இருந்து பாப்பா, ஒவ்வொரு அரை நிமிசத்துக்கும் நிப்பாட்டுவா, "இந்த இடத்தில பிள்ளை உன்ர முகத்தைப் பாத்திட்டு விடையை மாத்தினது, கண்டனியா?" எண்டு கேப்பா. நான் காணேல்ல. என்ர முகத்தில ஒரு சின்ன ஏமாற்றம் வந்திருக்கு, பிள்ளை அதை வாசிச்சிருக்கு. இதை எந்தப் புத்தகமும் படிப்பிக்காது, லப்டொப்பில லெக்சர் கேட்டும் வராது. இன்டர்ன்ஷிப் வருசம் முழுக்க கிழமைக்கு ரெண்டு மணித்தியாலம் ஒரு அனுபவமுள்ள ஆள் என்னோட இருந்து ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் கேள்வி கேட்டவ. அந்த ரெண்டு மணித்தியாலத்துக்குத்தான் நான் மூண்டு வருசக் காசைக் கட்டினனான் எண்டு இப்ப நினைக்கிறன்.

இனி நான் விட்ட ஒரு பிழையைச் சொல்லவேணும்.

படிப்பு முடிச்சு கொழும்புக்கு வந்த முதல் வருசம், தரம் 4 படிக்கிற ஒரு பெடியனைப் பாக்கச் சொல்லி ஒரு பள்ளிக்கூடத்தில கூப்பிட்டினம். தமிழ் மீடியம் பிள்ளை. எனக்கிட்ட இருந்தது அமெரிக்காவில இருந்து கொண்டு வந்த ஐகியூ டெஸ்ட். உந்த டெஸ்டின்ர புள்ளி எண்டா என்ன எண்டு உங்களுக்குத் தெரியும், ஒரு பிள்ளையை அதே வயசு மற்றப் பிள்ளையளோட ஒப்பிட்டுச் சொல்ற இலக்கம். எனக்கிட்ட இருந்தது விஸ்க் எண்ட டெஸ்டின்ர ஐந்தாம் பதிப்பு, 2014ல வந்தது, அதுக்கு ஒப்பிட எடுத்த பிள்ளையள் 2200 பேர், எல்லாரும் அமெரிக்கப் பிள்ளையள். நான் கேள்விகளை அந்த நேரத்தில வாய்க்கு வந்தபடி தமிழ்ல மாத்திக் கேட்டன். புள்ளி குறைவா வந்தது, நான் ரிப்போர்ட் எழுதினன், கீழ ஒரு வரி "கவனமாகப் பார்க்கவும்" எண்டும் எழுதினன். அந்த வரியை ஆரும் பாக்கேல்ல. இலக்கத்தைத்தான் பாத்தவை. அடுத்த தவணையே தாயைக் கூப்பிட்டு "இவருக்கு எங்கட பள்ளிக்கூடம் சரிவராது" எண்டு சொல்லியாச்சு. ஒரு வருசம் கழிச்சு அந்தத் தாய் என்னைத் தேடி வந்தவ, பிள்ளைக்கு ஒரு காதில கேக்கிறது சரியான குறைவு எண்டு கண்டுபிடிச்சிருக்கினம் எண்டு சொல்லத்தான் வந்தவ. கோபமாக் கூடக் கதைக்கேல்ல. நான் காதைச் சோதிக்கச் சொல்லி கேக்கேல்ல.

படிக்கேக்க எனக்கு இது தெரியாததில்ல. அமெரிக்கச் சட்டத்திலயே இருக்கு, சந்தேகப்படுற எல்லாப் பக்கத்தையும் பாக்க வேணும், தேவையெண்டா கண், காது உட்பட, டெஸ்டை பிள்ளையின்ர சொந்த மொழியில செய்யவேணும் எண்டு. அங்க நான் அதை விட்டிருந்தா சுப்பர்வைசர் ரிப்போர்ட்டைத் திருப்பித் தந்திருப்பா. இங்க என்ர ரிப்போர்ட்டைத் திருப்பித் தர ஒருத்தரும் இல்ல. மூண்டு வருசம் முறையாப் படிச்ச எனக்கே பக்கத்தில ஆள் இல்லாம இப்பிடி நடந்தது எண்டா, ஒருத்தரும் பக்கத்தில இருக்காத ஒரு வருசக் கோர்ஸை முடிச்சிட்டு நீங்க தனிய ஒரு பிள்ளைக்கு முன்னால இருக்கேக்க என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க. உங்களுக்குப் பயமா இருக்கு எண்டு எழுதியிருக்கிறீங்க, அந்தப் பயம் சரியான பயம், அதை விட்டிடாதீங்க. பிரின்சிபலிட்ட மரியாதையா சொல்லுங்க, இந்த டெஸ்டைச் செய்யிற தகுதி எனக்கு இன்னும் இல்ல மிஸ், ஆனா இந்தப் பிள்ளைக்கு நான் செய்யக்கூடியது வேற இருக்கு எண்டு. நெட்டில இருந்து டவுன்லோட் பண்ணின டெஸ்ட் எதையும் தொடவேண்டாம்.

உந்த டெஸ்ட் எங்கட பிள்ளையளுக்கு எங்க பிழைக்குது எண்டு கொஞ்சம் சொல்றன், ஏன் எண்டா நீங்க எங்க போய்ப் படிச்சாலும் இதை உங்களுக்கு அங்க ஒருத்தரும் சொல்லித் தரப்போறதில்ல. இலக்கங்களைச் சொல்லி திருப்பிச் சொல்லச் சொல்ற ஒரு பகுதி இருக்கு. இங்கிலிஷ்ல ஒண்டில இருந்து ஒம்பது வரைக்கும் செவன் ஒண்டைத் தவிர எல்லாம் ஒரே ஒரு அசை. தமிழ்ல ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, எல்லாமே ரெண்டு அசை, ஒம்பது மூண்டு. சொல்ல எடுக்கிற நேரம் கூடினா ஞாபகத்தில நிக்கிற இலக்கம் குறையும், வெல்ஷ் மொழி பேசுறவையிலயும் இதைக் கண்டிருக்கினம், அதுக்கும் பிள்ளையின்ர கெட்டித்தனத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. சொற்பகுதி அதை விட மோசம், இங்கிலிஷ்ல அஞ்சு வயசுப் பிள்ளை விளையாடேக்க சொல்ற சொல்லு தமிழ்ல மாத்தினா புத்தகச் சொல்லாப் போயிடும், அல்லது மற்றப் பக்கம், கஷ்டமான சொல்லு லேசாப் போயிடும், அப்ப அந்தக் கேள்விகளை இருக்கிற ஒழுங்கில அடுக்கினதுக்கே அர்த்தம் இல்லாமப் போகுது.

வாசிப்பு எண்டா இன்னும் வேற. தமிழ்ல 247 எழுத்து, ஒரு பிள்ளை தரம் 2 முடியிறதுக்குள்ள அதைப் பிடிக்க வேணும். நீங்க பிரைமரி டீச்சர், என்னை விட உங்களுக்குத் தெரியும், "கெ" எழுதேக்க கொம்பு முன்னால வருது, ஆனா வாயில முதல்ல வாறது க், பிறகுதான் எ. "கொ" எண்டா முன்னுக்கும் பின்னுக்கும் ரெண்டு பக்கமும். கண்ணுக்கு வாற ஒழுங்கும் காதுக்கு வாற ஒழுங்கும் வேற வேற. அதுக்கு மேல ல, ள, ழ, ண, ன, ர, ற. அதுக்கும் மேல புத்தகத்தில "அவர்கள் விளையாடினார்கள்" எண்டு இருக்கும், பிள்ளை வீட்டில "அவை விளையாடினவை" எண்டு கதைக்கும், வாசிக்கிறதுக்கு அது இன்னொரு மொழியைப் பழகிற மாதிரி. கொழும்புப் பிள்ளை எண்டா ரோட்டில சிங்களம், போனில இங்கிலிஷ், வகுப்பில தமிழ். இந்தப் பிள்ளை தடக்குதெண்டா அது டிஸ்லெக்சியா எண்டு சொல்ற வாசிப்புக் குறைபாடா, மொழி மாறினதா, நல்லாப் படிப்பிக்காததா எண்டு பிரிச்சுச் சொல்றதுதான் எங்கட வேலை, அந்த வேலைக்கு உங்கட நாலு வருச தமிழ் மீடியம் அனுபவம் எந்த டிகிரியும் தராத மூலதனம்.

அங்க போனா நீங்க கொண்டு வரக்கூடிய ஆயுதம் ஒண்டு சொல்றன். கரிகுலம் பேஸ்ட் மெஷர்மென்ட் எண்டு ஒரு முறை, மினசோட்டாவில ஸ்டான்லி டீனோ எண்டவரும் அவரோட இருந்தவையும் உருவாக்கினது. பெரிய பெட்டி, விலை கூடின டெஸ்ட் ஒண்டும் வேண்டாம். பிள்ளையின்ர பாடப்புத்தகத்தில இருந்து ஒரு பந்தியைக் குடுத்து ஒரு நிமிசம் வாசிக்கச் சொல்லி, சரியா எத்தினை சொல்லு வாசிக்குது எண்டு எண்ணுறது. கிழமைக்கு ஒருக்கா செய்தா வரைபடத்தில கோடு ஏறுதா, படுத்திருக்கா எண்டு தெரியும். நான் தமிழுக்கு இதைச் செய்யேக்க சொல்லை எண்ணாம எழுத்தை எண்ணுறன், ஏன் எண்டா எங்கட சொல்லு நீளம், "வந்துகொண்டிருந்தார்கள்" எண்ட ஒரு சொல்லை "பூ" எண்ட சொல்லோட எப்பிடிச் சமமா எண்ணுறது. ஒரே வகுப்பில முப்பது பிள்ளைக்குச் செய்தா, அந்த வகுப்பின்ர நடுப்புள்ளி கையில வரும், உங்கட பிள்ளையை அமெரிக்கப் பிள்ளையோட இல்ல, பக்கத்து மேசைப் பிள்ளையோட ஒப்பிடலாம். அந்தக் காதுகேக்காத பெடியனுக்குப் பிறகு நான் முதல்ல எடுக்கிறது இதுதான்.

இனி உங்கட மற்றக் கேள்வி, இங்க வேலை இருக்கா.

நேராச் சொல்றன், அரசாங்கப் பள்ளிக்கூடங்கள்ல ஸ்கூல் சைக்காலஜிஸ்ட் எண்டு ஒரு பதவி இல்ல. ஆலோசனை ஆசிரியர் எண்டு ஒருத்தர் இருப்பா, அவவும் பாடம் எடுத்துக்கொண்டு, ரிலீஃபுக்கும் போய்க்கொண்டு மிச்ச நேரத்தில பிள்ளையளோட கதைக்கிறவ. அமெரிக்காவில இந்தத் தொழில் பெருத்ததுக்குக் காரணம் சட்டம்தான். 1915லயே கனெக்டிகட்டில ஆர்னல்ட் கெசெல் எண்டவரை அந்தப் பேரில வேலைக்கு எடுத்தவை, ஆனா 1975ல மாற்றுத்திறனாளிப் பிள்ளையள் எல்லாருக்கும் இலவசக் கல்வி எண்டு சட்டம் வந்தாப்பிறகுதான் ஒவ்வொரு பள்ளிக்கூடமும் பிள்ளையை மதிப்பீடு செய்தே ஆகவேணும் எண்ட நிலை வந்தது. செய்ய ஆள் வேணும், அதால தொழில் வளந்தது. இப்பவும் 500 பிள்ளைக்கு ஒராள் இருக்கவேணும் எண்டு சங்கம் சொல்லுது, உண்மையில ஒராளுக்கு ஆயிரத்துக்கு மேல. எங்கட நாட்டில இலவசக் கல்வி 1945ல இருந்து இருக்கு, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 1996ல வந்தது, ஆனா ஒரு பிள்ளை வாசிக்கேலாம இருக்கு எண்டா அதைப் பாக்க ஒருத்தரை அனுப்ப வேண்டிய கடமை ஒரு பள்ளிக்கூடத்துக்கும் இல்ல. அதால சம்பளத்தோட கதிரை ஒண்டு உங்களுக்காக காத்திருக்காது.

ஆனா வேலை இருக்கு, நிறைய இருக்கு. இன்டர்நஷனல் ஸ்கூல்கள்ல லேர்னிங் சப்போர்ட்டுக்கு எடுக்கினம், பிரைவேட் சென்டர்கள் இருக்கு, என்னைப் போல ரெண்டு மூண்டு பள்ளிக்கூடத்துக்கு கிழமைக்கு ஒரு நாள் போறவையும் இருக்கினம். தமிழ்ல செய்யத் தெரிஞ்ச ஆக்கள் கைவிரல்ல எண்ணக்கூடிய அளவு. கொட்டாஞ்சேனையில இருந்தும், வத்தளையில இருந்தும், சில நேரம் ஹற்றன்ல இருந்தும் விடிய பஸ் எடுத்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவினம், ஏன் எண்டா தங்கட மொழியில பிள்ளையோட கதைக்க வேற இடம் இல்ல. தொடக்கத்தில வருமானம் டீச்சர் சம்பளத்தை விடக் குறைவாக் கூட இருக்கலாம், எனக்கு முதல் ரெண்டு வருசமும் அப்பிடித்தான்.

காசைப் பற்றிக் கதைக்காம இதை முடிக்க ஏலாது. வெளிநாட்டு ஸ்டூடன்ட் எண்டா ஸ்டேட் யூனிவர்சிட்டியிலயும் கூடின ஃபீஸ்தான். ஸ்பெஷலிஸ்ட் டிகிரிக்கு முழு உதவி கிடைக்கிறது குறைவு, அசிஸ்டன்ட்ஷிப், அதாவது யூனிவர்சிட்டிக்குள்ளயே ஒரு உதவி வேலை, கிடைச்சா கொஞ்சம் குறையும். பிஎச்டி எண்டா அஞ்சாறு வருசம், ஆனா நல்ல இடங்கள்ல ஃபீஸும் விட்டு மாசம் கொஞ்சக் காசும் தருவினம், அதால கையில காசு இல்லாதவைக்கு நீளமான படிப்புத்தான் சில நேரம் மலிவு. ஃபுல்பிரைட் எண்ட அமெரிக்க ஸ்கொலர்ஷிப்பையும் பாருங்க, அவையின்ர கொழும்பு ஒஃபிஸ்ல அமெரிக்காவில படிக்கிறதைப் பற்றி ஆலோசனையும் தாறவை, ஏஜென்டுக்கு முதல் அங்க போங்க. வீட்டை ஈடு வச்சு டொலரில கடன் எடுக்க வேண்டாம் எண்டு கையெடுத்துக் கேக்கிறன், 2022ல சில மாசத்துக்குள்ள டொலர் 200 ரூபாயில இருந்து 360 ரூபாய்க்குப் போகேக்க படிச்சுக்கொண்டிருந்த பிள்ளையளின்ர தாய் தகப்பன் பட்ட பாட்டை நான் கண்ணால பாத்தனான். அங்கயே தங்கி வேலை செய்து கடனைக் கட்டலாம் எண்டும் கணக்குப் போடாதீங்க, படிச்சு முடிய ஒரு வருசம் வேலை செய்ய விடுவினம், அதுக்குப் பிறகு விசா உங்கட கையில இல்ல.

உங்கட மூண்டு வருச டிகிரிய சில யூனிவர்சிட்டி ஏற்கும், சிலது நாலு வருசம் கேக்கும், அப்ளிகேஷன் காசு கட்ட முதல் ஒவ்வொரு இடத்துக்கும் மெயில் போட்டுக் கேளுங்க. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒரு பாடமாவது நல்ல மார்க்ஸோட இருக்கோணும். கடிதம் குடுக்கிற ஆக்கள்ல ஒராளாவது உங்களைப் பிள்ளையளோட நேரில பாத்தவரா இருக்கட்டும், கம்பஸ் லெக்சரர் மூண்டு பேரும் ஒரே மாதிரி எழுதுறதில பிரயோசனம் இல்ல. இன்டர்வியூவில கட்டாயம் கேப்பினம், ஏன் கிளினிக்கல் இல்ல, ஏன் டீச்சராவே இருக்கேலாது எண்டு. எனக்கு எழுதின மாதிரி அந்தப் பெடியனைப் பற்றியே சொல்லுங்க, அதை விட நல்ல பதில் உங்களிட்ட இல்ல.

போக ஏலாட்டி? இங்க இருந்தே செய்யிறதுக்கும் வழி இருக்கு, அது ஸ்கூல் சைக்காலஜி எண்ட பேரில வராது. கொழும்பு பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில கிளினிக்கல் சைக்காலஜி எம்ஃபில் இருக்கு, ஆஸ்பத்திரியில சுப்பர்விஷனோட பயிற்சி, அதை முடிச்சவை மெடிக்கல் கவுன்சில்ல பதியலாம், ஆனா இடம் கொஞ்சம், போட்டி கூட. நாவலவில திறந்த பல்கலைக்கழகத்தில விசேட தேவைக் கல்விக்கு ஒரு தனித் துறையே இருக்கு, வேலை செய்துகொண்டே படிக்கலாம், டீச்சரா இருக்கிற உங்களுக்கு அதுதான் கிட்டின கதவு. என்னைக் கேட்டா இந்த ஒரு வருசத்தை அந்தப் பக்கம் குடுங்க, பிள்ளையளைப் பாக்கிற இடம் ஒண்டில சனிக்கிழமையில போய் இருந்து பழகுங்க, அதுக்குள்ள வெளிநாட்டு அப்ளிகேஷனையும் ஆறுதலாச் செய்யலாம். 28 வயசில போனா பிந்திப் போச்சு எண்டு ஒருத்தரும் சொல்லமாட்டினம், என்னோட படிச்சவையில ரெண்டு பேர் நாப்பது தாண்டினவை, ரெண்டு பேரும் முந்தி டீச்சர்மார்.

அம்மாவைப் பற்றி. அவ பயப்படுறது உங்களுக்காக. இந்தத் தொழில் எண்டா என்ன எண்டு அவவுக்கு ஆரும் காட்டேல்ல, அவவின்ர காலத்தில சைக்காலஜி எண்டா அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரி எண்டுதான் அர்த்தம். விவாதம் பண்ணாதீங்க. ஒருநாள் பின்னேரம் அந்தப் பெடியனின்ர கொப்பியைக் கொண்டு போய்க் காட்டுங்க, "அம்மா இவன் வாயால எல்லாம் சொல்றான், எழுதேலாம நிக்கிறான், ஏன் எண்டு கண்டுபிடிக்கிறதுதான் நான் படிக்கப் போறது" எண்டு சொல்லுங்க. என்ர அம்மாவுக்கு விளங்கினது அப்பிடி ஒரு கொப்பியைப் பாத்தாப்பிறகுதான், அவவும் இருபது வருசம் பிரைமரி படிப்பிச்சவ, பாத்திட்டு "எனக்கிட்டயும் இப்பிடி ஒருத்தன் இருந்தவன், நான் அடிச்சுப் போட்டன்" எண்டு கனநேரம் பேசாம இருந்தவ. கலியாணத்தைப் பற்றி நான் சொல்றதுக்கு ஒண்டும் இல்ல, அது நீங்களும் அவவும் கதைக்க வேண்டியது, ஆனா வாற மாப்பிள்ளையிட்ட மூண்டு வருசப் படிப்பு இருக்கு எண்டதை முதல் நாளே சொல்லுங்க.

இப்ப அந்தப் பெடியன். வாயால சொல்றான், போர்ட்டைப் பாத்து எழுத மாட்டான் எண்டு நீங்க எழுதின உடன எனக்கு முதல்ல வந்தது கண். தாயைக் கூப்பிட்டு மெதுவா விளங்கப்படுத்தி கண் ஆஸ்பத்திரிக்கு ஒருக்கா கொண்டு போகச் சொல்லுங்க, காதையும் சேத்துப் பாக்கட்டும். ரிசல்ட் வரும்வரைக்கும் முன் வாங்கில இருத்தி, போர்ட்டில இருக்கிறதை ஒரு பேப்பரில எழுதி மேசையில வச்சுப் பாருங்க, பேப்பரைப் பாத்து எழுதினா அதுவே பாதி விடை. அதோட ஒரு சின்னக் கொப்பி வச்சு ரெண்டு கிழமைக்கு எழுதுங்க: எழும்பி ஓடுறதுக்கு முதல் என்ன நடந்தது, என்ன செய்தான், பிறகு நீங்க என்ன செய்தீங்க. ஓடினவுடன எழுத்து வேலை நிண்டு போகுதெண்டா, அவனுக்கு ஓடுறது ஒரு வழியாப் போச்சு, வெளியில நிக்க விடுறது தண்டனை இல்ல, அவன் கேட்டதையே குடுக்கிறது. ஓடுறதுக்கு முதல் "டீச்சர், கொஞ்சம் நிப்பாட்டட்டா" எண்டு கேக்கப் பழக்குங்க, கேட்டா ரெண்டு நிமிசம் விடுங்க, திரும்பி வந்து மிச்சத்தை எழுதட்டும்.

கண்ணும் காதும் சரியா இருந்து, இதெல்லாம் செய்தும் மாறாட்டி, லேடி ரிஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரியில பிள்ளையளின்ர மனநலப் பிரிவுக்கு ஒரு கடிதத்தோட அனுப்பலாம், உங்கட சின்னக் கொப்பியின்ர போட்டோக்கொப்பியையும் அதோட வையுங்க, டொக்டருக்கு அது எந்த ஐகியூ இலக்கத்தையும் விட உதவும்.

கண் டெஸ்டில என்ன வந்தது எண்டு எனக்கு எழுதுங்க தங்கச்சி, பாத்துக்கொண்டிருப்பன்.